எம்பதாங்காட்டுத் தகரம்

என் ஜீப்புல ஸ்பீடாமீட்டர் முள்ளு செத்துப்போயி எத்தனையோ வருசமாச்சுங்க. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல இருந்து மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டறேன், பேரு சின்னராஜ். எவ்வளவு வேகத்துல போறோம்னு எனக்குச் சொல்றது பின்னால உக்காந்திருக்கற பொம்பளைங்கதான். "ஏனுங்க, தூங்கிட்டீங்களா?"ன்னா மெதுவாப் போறேன்னு அர்த்தம். "அட நாசமாப் போறவனே!"ன்னா கொஞ்சம் சாஸ்தியா மிதிச்சுட்டேன்னு அர்த்தம். இந்த மீட்டரு ஒரு நாளும் தப்பாக் காட்டுனதில்ல.

ஆனா நான் சொல்ல வந்தது என்னையப் பத்தி இல்லீங்க, செங்கோடண்ணனப் பத்தி. என்னைய உட்டா ஊர்ப்பட்ட கதையப் பேசிட்டே இருப்பேன், பொறுத்துக்கங்க. அந்த மனுசன எனக்குப் புடிக்கும். நொம்பப் புடிக்கும். அதச் சொல்லிட்டு ஆரம்பிக்கறேன்.

அவரு எங்க மலைக்காரரு இல்ல. நாங்க சாமையும் ராகியும் வெதச்சு, நாலு பலாமரத்த வெச்சுக்கிட்டு, காலங்காலமா இங்கயே கெடக்கற சனம். அவரோட பாட்டன் பூட்டன் காபித் தோட்ட வேலைக்குன்னு கீழ் நாட்டுல இருந்து ஏறி வந்தவங்க. மஞ்சக்குட்டை போற ரோட்டுல ஒரு எஸ்டேட்டு, அங்க வேலைக்காரங்களுக்குன்னு வரிசையாக் கட்டுன லைன் ஊட்டுலதான் அவரு பொறந்தாரு, வளந்தாரு, கண்ணாலம் கட்டுனாரு. மீசை மொளைக்கறதுக்கு முன்னாலயே பல்பர் ஊட்டுல வேலைக்குச் சேந்தாரு. காபிப் பழத்துத் தோல உரிக்கற மெசினுங்க அது. ஓட ஆரம்பிச்சுதுன்னா பக்கத்துல நிக்கறவன் "செத்தேன்"னு கத்துனாலும் கேக்காது. அந்தச் சத்தத்துலயே கெடந்து கெடந்து மொதல்ல ஒரு காது போச்சு. அப்புறம் இன்னொரு காது அதத் தேடிட்டுப் போயிருச்சு.

காது போன பொறவு அவரக் களத்துக்கு மாத்துனாங்க. காபிய வெயில்ல பரப்பி, கட்டையில தள்ளித் தள்ளி உடற வேலை. கொரங்கு வந்தாத் தொரத்தறதும் அவருதான். மார்கழிக் குளுருல கழுத்துல இருந்து மண்ட வரைக்கும் மப்ளரச் சுத்திக்கிட்டு நிப்பாரு. ஒருநாள் நான் சாடை காட்டிக் கேட்டேன், "ஏனுங்ணா, கேக்காத காதுக்கு எதுக்கு மப்ளரு?"ன்னு. சிரிச்சாரு. "காது கேக்காதுன்னு குளுருக்கு ஆரு போயிச் சொன்னா?"ன்னாரு.

அவ்வளவு நல்லாப் பேசற மனுசன், வெளிய வாயே தொறக்க மாட்டாருங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு எழவு ஊட்டுல, பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, பக்கத்து ஆளுகிட்ட "சாப்பாடு எங்க?"ன்னு ரகசியமாக் கேட்டிருக்காரு. தன் சத்தம் தனக்கே தெரியாதில்லீங்களா? அது ரகசியமா இல்ல. அந்தத் தெரு பூராக் கேட்டுருச்சு. அழுதுட்டிருந்த சனம் பூரா சிரிச்சுருச்சு. அன்னியில இருந்து மனுசன் நாலு பேரு கூடுன எடத்துல பேச்ச முழுங்கிக்குவாரு.

அவரு சம்சாரம் கலாவதியக்கா அதுக்கு நேர்மாறு. அந்தக்கா வாயி நிக்காம ஓடற இன்னொரு பல்பரு. காலையில அடுப்புப் பத்த வெக்கறப்ப ஆரம்பிச்சா, பொழுது சாயற வரைக்கும் அவரத் திட்டித் தீத்துரும். "ஏக்கா, காது கேக்காத மனுசனத் திட்டி என்ன பிரயோசனம்?"னு நான் கேட்டதுக்கு, "என் ஒதட்டப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்குவாருடா. சாஸ்தியாத் திட்டுனா கண்ண மூடிக்குவாரு. அப்பத்தான் எனக்கு நெசமாலுமே கோவம் வரும்"னு சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பத் தாங்க முடியல.

ஆனா அவங்க ரெண்டு பேருக்குள்ள இருந்த பாசத்த நான் தெனமும் கண்ணாலப் பாத்தவன். களம் ரோட்டுக்கு மேல இருக்குது. அக்கா பழம் எடுக்கற காடு ரோட்டுக்குக் கீழ. பழ சீசன்ல டீ நேரத்துக்கு அண்ணன் பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு, ரோட்டத் தாண்டி எறங்கிப் போயி, அக்காவுக்குச் சூடா ஊத்திக் குடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாரு. மத்த பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க. "எங்க ஊட்டுல இருக்கறதுக்குக் காதும் நல்லாக் கேக்குது, கண்ணும் நல்லாத் தெரியுது. ஒரு சொட்டுத் தண்ணி கொண்டாந்து குடுத்திருக்குமா?"ம்பாங்க. அக்கா வெக்கப்பட்டுக்கிட்டே குடிக்கும். இத்தன வயசுல ஒரு பொம்பள அப்படி வெக்கப்படறதப் பாக்கறதுக்காகவே நான் அந்த எடத்துல ஜீப்ப மெதுவா உடுவேன்.

அந்தக் காட்டுக்குப் பேரு எம்பதாங்காடு. எஸ்டேட்டுல ஒவ்வொரு காட்டையும் செடி நட்ட வருசத்த வெச்சுத்தான் கூப்புடுவாங்க. எம்பதுல நட்டா எம்பதாங்காடு. அதுக்கு ஏற்காட்டுப் பக்கமா இருக்கறது எழுவத்திரண்டாங்காடு. ரோட்டோரத்துச் சில்வர் ஓக் மரத்துல ஒரு வட்டத் தகரத்த அடிச்சு, வருசத்துல கடைசி ரெண்டு நம்பர மட்டும் எழுதி வெப்பாங்க. பழைய டீசல் பேரல் மூடிதான் அந்தத் தகரம். எழுதறது கலாவதியக்கா. பள்ளிக்கூடம் அதிகம் போகல, ஆனா அதும் கையில எழுத்து முத்து முத்தா வரும். சீசனுக்கு முன்னால பெயிண்ட் டப்பாவத் தூக்கிக்கிட்டுக் காடு காடாப் போறப்ப அக்கா நடையே வேற மாதிரி இருக்கும்.

இந்தத் தடவ எல்லாத் தகரத்துக்கும் ஓரமெல்லாம் துருப் புடிச்சுப் போச்சு. வெள்ளையடிச்சா அதத் தாண்டித் துரு எட்டிப் பாக்குது. எஸ்டேட் கேட்டுக்கு அடிச்ச செவப்புப் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு. அக்கா அத எடுத்து, துருவ மறைக்கறதுக்கு ஓரத்தச் சுத்தி ஒரு செவப்பு வளையம் போட்டுச்சு. நடுவுல வெள்ள, அதுல கறுப்பா நம்பரு. பாக்கறதுக்கு அம்சமாத்தான் இருந்துச்சு. எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர் பென்னி சாரு, சும்மா ஒரு வார்த்த நல்லதாச் சொல்லாத ஆளு, அவரே "கலாவதி, கவர்மெண்டு போர்டாட்டம் இருக்குது"ன்னுட்டாராம். இத அக்கா என் ஜீப்புல ஏறுன ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுச்சு.

தை மாசத்துல ஒரு நாளுங்க. மூட்டம் இல்ல, நல்ல வெயில். எம்பதாங்காட்டு வளைவுக்குக் கிட்ட ஆளு எறக்கிட்டு, பின்னால டயரு ஒரு மாதிரி இருக்கேன்னு குனிஞ்சு பாத்துட்டிருந்தேன். செங்கோடண்ணன் பிளாஸ்க்கோட மேல இருந்து எறங்கி வர்றத ஓரக்கண்ணாலப் பாத்தேன். அவ்வளவுதான். "ஐயோ!"ன்னு ஒரு கூச்சல். நிமிந்தா, ஒரு வெள்ளக் காரு ரோட்டுக்குக் குறுக்கால நிக்குது, அண்ணன் ஓரத்துல கல்லு மேல மல்லாக்கக் கெடக்கறாரு. காரு அவரு மேல படல. படாம இருக்கறதுக்குப் பின்னால தாவுனதுல முழங்கை கிழிஞ்சு, இடுப்புல நல்ல அடி. பிளாஸ்க் சில்லுச்சில்லாப் போயி டீ ரோட்டுல ஓடுது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கார ஓட்டுனவன் சட்டையப் புடிச்சு வெளிய இழுத்தேன். பாத்தா நம்ம ஏற்காட்டுப் பையன் மெல்வின். ஒரு ரிசார்ட்டுல டிரைவரு. பயந்து போயி என் கையப் புடிச்சுக்கிட்டான். "அண்ணா, சத்தியமா நான் மிதிக்கலீங்க. வண்டி தானாப் போச்சுங்கண்ணா."

"தானாப் போறதுக்கு அது என்னடா எருமையா?"ன்னேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன், அதெல்லாம் இங்க சொல்ல முடியாது.

அதுக்குள்ள கீழ காட்டுல இருந்து கலாவதியக்கா ஏறி வந்துருச்சு. இடுப்புல கட்டுன பழப்பையோட ஓடியாந்ததுல வழி பூராப் பழம் சிந்திக் கெடக்குது. எப்பவும் ஓடற அந்த வாயி அன்னிக்கு நின்னுபோச்சு. அண்ணன் தலையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, அவரு மொகத்தையே பாத்துட்டிருந்துச்சு.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு அனுப்பிச்சாங்க. எலும்பு ஒடையல. ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் பெரிய அடி. லைன்ல இருக்கற அத்தன சனமும் ஒரே பேச்சுத்தான் பேசுச்சு: "பாவம், காது கேக்காத மனுசன். வண்டி வர்றது எப்படித் தெரியும்?" நானும் அதத்தான் சொன்னேன். ரைட்டரு வந்து பாத்துட்டு, "இனி களத்துக்கு வர வேண்டாம், நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"ன்னுட்டுப் போனாரு. சேலத்துல கட்டிக்குடுத்திருக்கற மக கனகா போனுலயே அழுது, "ஞாயித்துக்கெழம வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போயிர்றேன், இனி அந்த ரோட்டுல அவரு நடக்கவே கூடாது"ன்னுருச்சு. அவரு மட்டுந்தான் போகணும். அக்காவுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குது, வேலைய உட்டா லைன் ஊட்டையும் உடணும். கண்ணாலம் கட்டுன நாள்ல இருந்து ஒருத்தர ஒருத்தர் பிரிஞ்சு இருந்ததில்ல, இப்ப ஒருத்தர் மலையில, ஒருத்தர் கீழ. அக்கா பயத்துல சரின்னு சொல்லிருச்சு.

இதெல்லாம் அண்ணனுக்கு முன்னாலயே நின்னு பேசறோம். அவரு வாசப்படியில உக்காந்துக்கிட்டு, ஆரு வாயி அசையுதோ அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. ஒரு தடவ என்னமோ சொல்ல வந்த மாதிரி கையத் தூக்குனாரு. "நீங்க சும்மா இருங்ணா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு நான்தான் அவரு தோளத் தட்டி உக்கார வெச்சேன். கைய எறக்கிக்கிட்டாரு.

அடுத்த நாள்ல இருந்து அவரு நடையே மாறிப்போச்சுங்க. லைன்ல குழாயடிக்குப் போறதுக்குக்கூட நாலு எட்டு வெச்சாத் திரும்பிப் பாக்கறாரு. அங்க வண்டி எங்க வரும்?

சனிக்கெழம அக்கா கடைவீதிக்குப் போறேன்னு என் ஜீப்புல ஏறுச்சு. அண்ணனுக்குப் பனியனு, துண்டு வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுல ஜீப்புல உக்காந்துச்சு. மடியில புதுசா ஒரு பிளாஸ்க். என் வாயி சும்மா இருக்குதுங்களா? "அங்க போயி ஆருக்குக்கா டீ கொண்டு போகப் போறாரு?"ன்னுட்டேன். என் வாயில மண்ணள்ளிப் போட. அக்கா முந்தானையில மொகத்த மூடிக்கிச்சு. நான் எந்தப் பக்கம் பாக்கறதுன்னு தெரியாம ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்பத்தான் மெல்வின் வந்தான். நடந்த அன்னியில இருந்து அவன எங்க பாத்தாலும் நான் மொகத்தத் திருப்பிக்குவேன். அன்னிக்கு ஜீப்புக் கதவுகிட்டயே வந்து நின்னுட்டான். தாடி வளந்து, கண்ணு உள்ள போயி, ஆளே பாதியாயிருந்தான்.

"அண்ணா, ஒரே ஒரு தடவ அந்தக் காருல ஏறி எங்கூட வாங்க. நான் மிதிக்கலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்றதக் கேட்டுக் கேட்டு, மிதிச்சனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்கண்ணா. தூக்கம் வர மாட்டேங்குது."

"போடா அக்கட்டால"ன்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அக்கா எறங்கிருச்சு. "நட சாமி, பாத்துரலாம்"னு சொல்லிட்டு நேராப் போயி அந்தக் காருல ஏறி உக்காந்துக்கிச்சு. அக்கா போனா நான் போகாம என்ன பண்றது? ஜீப்பப் பூட்டிட்டு நானும் போனேன்.

பேட்டரி வண்டிங்க. கெளம்புனதே தெரியல. நடுவுல டீவியாட்டம் ஒரு ஸ்கிரீனு. அதும் மூலையில செவப்பு வட்டத்துக்குள்ள ஒரு நம்பரு வர்றதும் போறதுமா இருந்துச்சு. மெல்வின் வெவரம் சொன்னான். முன் கண்ணாடிக்கு மேல கேமரா இருக்குதாம். ரோட்டோரத்துல செவப்பு வளையம் போட்ட ஸ்பீடு போர்டு இருந்தா அதப் படிச்சு, இந்த எடத்துல இவ்வளவுதான் போகணும்னு காட்டுமாம். இன்னொரு பட்டனும் இருக்கு. அத அமுத்திட்டா கால எடுத்துரலாம், போர்டுல இருக்கற வேகத்துக்கு வண்டியே ஏத்திக்கும், எறக்கிக்கும். சமதளமான ரோட்டுல அதப் போட்டா விருந்தாளிக குசியாயிருவாங்கன்னு ரிசார்ட்டுல சொல்லியிருக்காங்க. அன்னிக்கும் அதப் போட்டுட்டுத்தான் வந்தானாம். இன்னிக்கும் போட்டான், ஆனா காலப் பிரேக்கு மேலயே வெச்சிருந்தான்.

பள்ளிக்கூடத்துக்கிட்ட முப்பதுன்னு போர்டு இருந்துச்சு. ஸ்கிரீன்லயும் முப்பது. பரவால்லயே, கெட்டிக்காரப் பொட்டிதான்னு நெனச்சேன். அடுத்த போர்டு உண்ணிச்செடிக்குள்ள பாதி மறஞ்சு நின்னுச்சு. அத அது கண்டுக்கவே இல்ல. அப்புறம் ஒரு சரக்கு லாரி முன்னால வந்து மாட்டுச்சு. அதும் பின்னால வட்டமா அறுவதுன்னு ஸ்டிக்கரு. லாரி இந்த வேகத்துக்கு மேல போகாதுன்னு ஒட்டுறது. ஸ்கிரீன்ல டக்குன்னு அறுவது வந்துருச்சு! நாங்க லாரிப் பொகையில நத்தையாட்டம் ஊந்துட்டிருக்கோம், இது அறுவதுல போலாம்கறது.

"இதுக்குப் படிக்கத் தெரியுது, எதப் படிக்கணும்னு தெரியல"ன்னு அக்கா சொல்லுச்சு. அண்ணன் அடிபட்ட பொறவு அன்னிக்குத்தான் அக்கா வாயில இருந்து அத்தன நீளமாப் பேச்சு வந்துச்சு.

லாரி ஒரு கிளை ரோட்டுல திரும்பிப் போச்சு, அடுத்தாப்புல வந்த முப்பது போர்டப் படிச்சு ஸ்கிரீனும் முப்பதுக்கு எறங்குச்சு. எழுவத்திரண்டாங்காட்டுத் தகரத்தத் தாண்டுனோம். ஸ்கிரீன்ல ஒண்ணும் மாறல. அந்த நீட்டு ரோட்டுல முப்பதுலயே போயிட்டிருக்கோம். எம்பதாங்காட்டு வளைவு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, மரத்துல அக்கா எழுதுன தகரமும் தெரிஞ்சுச்சு. ஸ்கிரீன்ல முப்பது போயி எம்பது வந்துச்சு. முதுக ஆரோ புடிச்சுச் சீட்டுல அமுத்துன மாதிரி காரு ஒரு பாய்ச்சல் பாஞ்சுது. மெல்வின் பிரேக்க அடிச்சான்.

அக்கா ஸ்கிரீனப் பாத்துச்சு, மரத்தப் பாத்துச்சு, மறுபடி ஸ்கிரீனப் பாத்துச்சு. "மெல்வினு, வண்டியத் திருப்பிக்கிட்டு அந்த முப்பது போர்டத் தாண்டிப் போயி மறுபடி வா கண்ணு"ன்னுட்டு எறங்குச்சு. நானும் எறங்குனேன். அக்கா தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து, என்னையத் தகரத்து மேல மூடிப் புடிச்சுக்கச் சொல்லுச்சு.

நான் துண்டப் புடிச்சுக்கிட்டு மரத்தப் பாத்து நிக்கறேன். காரு இன்னும் வரலயேன்னு திரும்புனா, எனக்குப் பக்கத்துலயே நின்னுட்டிருக்கு! தூக்கிவாரிப் போட்டுருச்சு. எனக்கு ரெண்டு காதும் நல்லா இருக்குதுங்க. இருந்தும் ஒரு சத்தம் கேக்கலியே. அன்னிக்கு டயருக்குக் கிட்டக் குனிஞ்சு நின்னப்பவும் எனக்குக் கேக்கலைங்கறது அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. காது கேக்காதவரு, காது கேக்காதவருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே, காது இருக்கற நான் என்னத்தக் கிழிச்சேன்?

மெல்வின் தலைய நீட்டி, "எம்பது வரலீங்க. முப்பதுலயேதான் வந்துச்சு"ன்னான். துண்ட எடுத்துட்டு இன்னொரு தடவ வரச் சொன்னோம். எம்பது வந்துச்சு, பாஞ்சுது.

"எழுவத்திரண்டுக்கும் இதே வளையந்தானடா போட்டிருக்கு. அதுக்கு ஏன் காட்டல?"ன்னு கேட்டேன்.

"எழுவத்திரண்டுன்னு ஒரு ஸ்பீடு லிமிட் எந்த ஊர்லயும் இல்லீங்கண்ணா. எம்பது இருக்குது. அதான் நம்பிருச்சு."

அக்கா அப்படியே ஓரத்துக் கல்லு மேல உக்காந்துருச்சு. தன் கையால போட்ட வளையம், தன் புருசன எமன்கிட்டத் தள்ளப் பாத்திருக்கு. ஒரு பொம்பள இத எப்படித் தாங்கும்? கிட்டப் போயி, "அக்கா, உனக்கு எப்படிக்கா தெரியும், உடுக்கா"ன்னேன்.

நிமிந்து பாத்துச்சு. கண்ணு பூராத் தண்ணி, ஆனா வாயி சிரிக்குது. "நாந்தான்டா சின்னராஜு! நாந்தான்! அவரு இல்ல, அவரு காது இல்ல, இந்தப் பாழாப்போன என் கைதான்!" குத்தம் தன் மேலதான்னு தெரிஞ்சு அத்தன சந்தோசப்பட்ட மனுசிய நான் எங்கயும் பாத்ததில்ல. மெல்வின் ஒரு பக்கம் கார் கதவுல சாஞ்சுக்கிட்டு அழுவறான். நான் அவன் முதுகத் தடவிக் குடுத்தேன். சட்டையப் புடிச்ச கைதானேன்னு எனக்கே கூச்சமா இருந்துச்சு.

காருல இருந்த கம்பிய வாங்கி, நெம்பித் தகரத்தப் பேத்தெடுத்துட்டோம். மத்த தகரத்துல எல்லாம் வளையத்த அழிக்கச் சொல்லி அப்புறம் ரைட்டரு சொன்னாரு, அத உடுங்க. அக்கா தகரத்த மார்போட அணைச்சுக்கிட்டு லைன் ஊட்டுக்கு ஓட ஆரம்பிச்சுது. நாங்க பின்னாலயே ஓடுனோம்.

அண்ணன் ஊட்டுக்குள்ள வேட்டிய மடிச்சுப் பையில வெச்சுட்டிருந்தாரு. அக்கா தகரத்த அவரு மொகத்துக்கு நேரா நீட்டி, மூச்சு உடாமக் கொட்டுச்சு. கேமராங்குது, வளையங்குது, லாரிங்குது, உண்ணிச்செடிங்குது. அவரு ஒண்ணும் புரியாம அக்கா ஒதட்டையே பாத்தாரு.

"மெதுவாச் சொல்லு புள்ள"ன்னாரு.

அக்கா மூச்சு வாங்கிக்கிச்சு. ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சுச்சு. "உங்க மேல தப்பில்லீங்க. உங்க காது மேலயும் தப்பில்லீங்க. துருவ மறைக்கறதுக்கு நான் செவப்பு வளையம் போட்டேன். அந்தக் காரு இத ரோட்டு போர்டுன்னு நெனச்சுக்கிச்சு. எம்பதுல போகச் சொல்லுதுன்னு பாஞ்சுருச்சு. நான் செஞ்ச வேலைங்க இது."

மெல்வின் கும்புட்டுக்கிட்டு நின்னான். அண்ணன் அந்த வளையத்தப் பெருவெரலால ஒரு சுத்துத் தடவிப் பாத்தாரு. அவனப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு.

"நான் பாத்தேன்"னாரு.

எவ்வளவு சத்தமாங்கறீங்க! அந்த லைன் பூராக் கேட்டுச்சு. பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க வாசலுக்கு வந்துட்டாங்க. அவரு நிறுத்தல. "ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் கால வெச்சேன். காரு தொலவுல வந்துச்சு. மெதுவாத்தான் வந்துச்சு. அதுக்குள்ள தாண்டிரலாம்னுதான் எறங்குனேன். பாதி ரோட்டுல இருக்கறப்பத்தான் அது பாஞ்சுது. நான் பாத்தேன்."

"அப்புறம் ஏனுங்க ஒரு வார்த்த சொல்லல?"ன்னுச்சு அக்கா.

"ஆரு கேட்டா?"

தோளத் தட்டி உக்கார வெச்சவன் நானில்லீங்களா?

"காதுதான போச்சு? வாயி இருக்குதில்ல? எம்முன்னாலயே நின்னு அத்தன பேரு பேசுனீங்க. ஒருத்தராச்சும் எங்கிட்ட என்னாச்சுன்னு கேட்டீங்களா? எல்லாரும் ஒரே மாதிரி சொல்லச் சொல்ல, நான் பாத்தது பொய்யோன்னு ஆகிப்போச்சு. கண்ணும் போயிருச்சோன்னு பயந்துட்டேன்." அதுக்கு மேல கொரலு கொஞ்சம் எறங்குச்சு. "சேலத்துக்குப் போறியான்னும் ஆரும் கேக்கல. நீயும் கேக்கல."

கடைசியாச் சொன்னத அக்கா மொகத்தப் பாத்துச் சொன்னாரு.

அக்கா தகரத்தக் கீழ வெச்சுட்டு, வாசல் வெளிச்சம் தன் மொகத்துல உழுவற மாதிரி அவருக்கு எதுத்தாப்புல உக்காந்துச்சு. அழுதா ஒதடு கோணிக்கும், அவருக்குப் புரியாதுன்னு நெனச்சுச்சோ என்னமோ, பல்லக் கடிச்சு அழுகைய நிறுத்திக்கிச்சு. "இப்பக் கேக்கறேனுங்க. போறீங்களா?"

"போகல."

"சரிங்க. அன்னிக்கு என்னாச்சுன்னு சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவரு சொல்ல ஆரம்பிச்சாரு. களத்துல அன்னிக்கு அடிச்ச வெயில்ல இருந்து, டீக்குச் சக்கரை கொஞ்சம் சாஸ்தியாப் போட்டதுல இருந்து, எல்லாம் சொன்னாரு. அத்தனையும் ஊருக்கே கேக்கற சத்தத்துல. வாசல்ல கூடுன சனத்துல ஒருத்தரும் சிரிக்கல. பஸ் ஸ்டாண்டுல என் ஜீப்புக்கு ஆளுக காத்துட்டிருப்பாங்கன்னு எனக்கு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. நான் எந்திரிக்கல. அந்த மனுசன் சொல்லி முடிக்கட்டும்னு அங்கயே சம்மணம் போட்டு உக்காந்துட்டேன்.